வலது கையில் இருந்த அட்டை

மணி பத்து இருபது. பதினோரு மணிக்கு மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண் கூப்பிடுவாள். திங்கட்கிழமை ஆப்ரேஷனுக்கு வருகிறீர்களா இல்லையா என்று கேட்பாள், வருகிறோம் என்றால் படுக்கை எங்களுக்கு, இல்லை என்றால் அடுத்தவருக்கு, அப்புறம் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். மூன்று வாரம் தாங்குமா டாக்டர் என்று கேட்டேன், அவர் படத்தில் இவருடைய இதயத்துக்குப் போகிற பெரிய குழாயைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். மற்ற இடமெல்லாம் கறுப்பாகத் தடிப்பாக ஓடுகிற கோடு அந்த இடத்தில் மட்டும் தையல் நூல் மாதிரி. அந்த நூலில் தொங்கிக்கொண்டுதான் என் வீட்டுக்காரர் தேவநேசன், முப்பத்தைந்து வருஷம் பூகோளம் நடத்திய வாத்தியார், ஹாலில் உட்கார்ந்து கண்ணை மூடி ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிரே அவருடைய அக்கா எப்சிபா மைனி. வெள்ளைச் சேலை, மூளிக் காது, மூளிக் கழுத்து, நகை கூடாது என்கிற சபையில் சேர்ந்த அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றியவள், நாக்கை மட்டும் கழற்ற மறந்துவிட்டாள். பன்னிரண்டு மணி வரை உபவாச ஜெபமாம். பன்னிரண்டுக்கு மேல் சாளைக் குழம்பாம், "தேங்கா நெறய அரச்சி வையி பிலோ, தம்பிக்கு வாய்க்கு ருசியா இருக்கட்டும்" என்கிறாள். நூல் மாதிரி குழாய் வைத்திருக்கிறவனுக்குத் தேங்காய்! சமையலறைத் தரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து சாளை ஆய்கிறேன், செதில் கையெல்லாம் ஒட்டுகிறது, மதில்மேல் பூனை என்னையே பார்க்கிறது, எனக்குப் பின்னால் அலமாரியில் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் ஒரு அட்டை இருக்கிறது, அதை நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே இரண்டு மீனின் குடலை நசுக்கிவிட்டேன், கசக்கும், கழுவினாலும் போகாது.

அட்டை. சாமான்யமான அட்டை, பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிது, மேலே ஒரு ரோஜாப்பூ, கீழே ஒரு வசனம். வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் ஆல்டர் பக்கத்தில் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், வரிசையாகப் போய் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், வருகிற வருஷம் முழுக்க ஆண்டவர் உனக்கென்று தருகிற வாக்குத்தத்தம் அதுதான். எங்கள் கோயில் என்றா சொன்னேன், முப்பது வருஷத்தில் என் வாயிலும் எங்கள் என்று வந்துவிட்டது. நான் தூத்துக்குடியில் ஜெபமாலையோடு பிறந்தவள், கட்டிக்கொடுத்த இடம் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. கோயில், மாதா கிடையாது, சுரூபம் கிடையாது, இந்த அட்டை உண்டு. முதல் வருஷம் பார்த்தபோது சிரித்துவிட்டேன், கிளி ஜோசியம் மாதிரி இருக்கு, கிளியத்தான் காணோம் என்று இவர் காதில் சொன்னேன், இவரும் சிரித்தார், அப்போது இவர் சிரிக்கிற மனுஷன். அச்சடிக்கிறவன் கெட்டிக்காரன், அந்தப் பெரிய புஸ்தகத்தில் சாபம் இருக்கிறது, கொள்ளைநோய் இருக்கிறது, உன் வீட்டை ஒழுங்கு பண்ணு நீ சாகப்போகிறாய் என்று ஒரு ராஜாவிடம் சொல்கிற இடம்கூட இருக்கிறது, ஒன்றும் அட்டையில் வராது, மிட்டாய் மட்டும்தான் பொறுக்கி எடுத்திருப்பான். இந்த வருஷம் இவர் சட்டைப் பையில் இருக்கிற மிட்டாய் என்னவென்றால், ஆண்டவரே உங்களுக்காகச் சண்டை போடுவார், நீங்கள் பேசாமல் அமைதியாக இருங்கள் என்கிற மாதிரி ஒரு வசனம். எகிப்துக்காரன் துரத்திவர, முன்னால் கடல், நடுவில் ஜனம் அலற, மோசே சொல்கிற வார்த்தை. மார்ச்சில் நெஞ்சு வலித்தது, ஏப்ரலில் படம் எடுத்தார்கள், படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே இவர் பைபிளுக்குள்ளிருந்து அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். அமைதியாக இருக்கச் சொல்லியிருக்கு பிலோ. அவ்வளவுதான் சொன்னார். மறுநாளே மைனி பெட்டியோடு வந்து இறங்கினாள். "ஆமால தம்பி, கத்தி வேண்டாம்னு கர்த்தர் ஜனவரிலயே சொல்லிட்டாரு, நாமதான் கவனிக்கல" என்றாள். ஜனவரியில் யாருக்கு நெஞ்சு வலித்தது, வலிக்காத நெஞ்சுக்கு எப்படி வந்தது பதில், கேட்டேன், கேட்டால் அவிசுவாசம்.

சும்மா விடுகிறவளா நான். முந்தாநாள் புஸ்தகத்தையே எடுத்து அந்த இடத்தைத் தேடிப் படித்தேன். அட்டையில் இருப்பது மோசே சொன்னது. அதற்கு அடுத்த வரியிலேயே ஆண்டவர் மோசேயை அதட்டுகிறார், என்னிடம் எதற்குக் கத்துகிறாய், ஜனங்களை எழுந்து நடக்கச் சொல் என்கிறார். அடுத்த வரியிலேயே! புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "மைனி, பாருங்க, ஒரு வரி தள்ளி என்ன போட்டிருக்குன்னு பாருங்க. நடங்கன்னுதான் போட்டிருக்கு. உட்காருங்கன்னா போட்டிருக்கு?" மைனி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "அது அவங்களுக்குச் சொன்னது பிலோ. தம்பிக்குக் கொடுத்தது அட்டையில இருக்கிறது மட்டுந்தான். அடுத்த வரி வேணும்னா கர்த்தர் அடுத்த வரியையும் சேத்துல்லா கொடுத்திருப்பாரு." எப்படி இருக்கிறது! அச்சாபீஸ்காரன் கத்திரிக்கோல் வைத்த இடத்தில் ஆண்டவர் வாயை மூடிக்கொண்டுவிட்டாராம். இவரிடம் கேட்டேன், முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பிரம்பால் தொட்டுத் தொட்டுச் செங்கடல் இங்கே இருக்கிறது என்று காட்டினீர்களே, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து அதைத் தாண்டினவன் எவனாவது உண்டா. அப்புறம் என் கல்யாணப் பெட்டியில் கிடந்த அம்மா வீட்டுக் கத்தோலிக்க பைபிளை எடுத்தேன், அதில் ஒரு புஸ்தகம் இருக்கிறது, மருத்துவனை மதி, அவனையும் ஆண்டவர்தான் படைத்தார், மருந்தைப் பூமியிலிருந்து விளையச் செய்தவரும் அவர்தான், புத்தியுள்ளவன் தட்டமாட்டான் என்று பச்சையாக எழுதியிருக்கிறது, இதைவிட என்ன வேண்டும். மைனி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அந்தப் புஸ்தகமே எங்க வேதத்துல கெடையாதே." கிடையாது. உண்மைதான், கிடையாது. நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து இது சேரும் இது சேராது என்று சண்டை போட்டுப் பிரித்துக்கொண்டு போனார்கள், அதில் டாக்டர் என் பங்குக்கு வந்துவிட்டார், என் புருஷன் அவர்கள் பங்குக்குப் போய்விட்டார். பத்து முப்பத்தைந்து. இன்னும் பதினைந்து சாளை.

கத்தி வழுக்குகிறது. சிஸ்டர் யூலாலியா சொல்வார்கள், வேதாகமம் கூரான கத்தி, பிள்ளைகள் கையில் கொடுக்கமாட்டோம், ஃபாதர் நறுக்கித் தருவார், நீங்கள் சாப்பிட்டால் போதும். ஏழாங்கிளாஸ். நான் எழுந்து, ஃபாதருக்கு மட்டும் கை வெட்டாதா சிஸ்டர் என்று கேட்டேன், பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தினார்கள், சாயங்கால மணி அடிக்கிறவரை. இன்றைக்கு அந்த அம்மாளைத் தேடிப் போய்க் காலில் விழலாம் போலிருக்கிறது. ஊரில் ஆளாளுக்குக் கத்தி, ஆளாளுக்கு நறுக்கு. ஆனால் அங்கே ஃபாதர் நறுக்கினாலும், இங்கே பாதிரியாரை ஐயர் என்பார்கள், அந்த ஐயர் நறுக்கினாலும் அதே கதைதான், பெரியத்தான் விஷயத்தில் பார்க்கவில்லையா. இவருடைய அண்ணன், அருமைநாயகம் பெரியத்தான், எட்டு வருஷமாகிறது. அவருக்கும் இதே வால்வோ குழாயோ, அவருக்கும் ஒரு அட்டை, நீடித்த நாட்களால் உன்னைத் திருப்தியாக்குவேன் என்கிற மாதிரி. வீட்டில் எல்லோரும் சேர்ந்து அதைப் படித்துப் படித்துத்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், மைனி உட்பட, அப்போது மைனி நகை போட்டிருந்தாள், அப்போது அவளுக்குக் கத்தி பாவமில்லை. பெரியத்தானுக்கு மகன் வெளிநாட்டில், கையெழுத்துப் போட்டது இவர். தம்பி, நீ போட்டா போதும்ல என்று பெரியத்தான் சிரித்துக்கொண்டே பேனாவைக் கொடுத்தார். ஆப்ரேஷன் மேஜையிலேயே போய்விட்டார். அடக்க ஆராதனையில் ஐயர் அதே வசனத்தை எடுத்தார், அதே வசனம், நீடித்த நாட்கள் என்றால் பூமியில் அல்ல, முடிவில்லாத பரலோக நாட்கள் என்றார், எல்லோரும் ஆமென் என்றார்கள். போன வாரம் வரை அதற்கு எழுபது எண்பது வயது என்று அர்த்தம், இந்த வாரம் நித்தியம் என்று அர்த்தம். வசனம் அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்து நகரவில்லை, நாங்கள்தான் சவப்பெட்டியைச் சுற்றி இடம் மாறி நின்றோம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்து இவர் பக்கம் திரும்பினேன், இவர் ஆமென் சொல்லவில்லை, தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், பேனா பிடித்த கை. அதை மறந்துவிட்டேனே. எட்டு வருஷம் மறந்திருக்கிறேன். இப்போது சாளைத் தலையைத் திருகும்போது எதற்கு ஞாபகம் வருகிறது.

இல்லை, நான் நினைக்க வேண்டியது அதில்லை, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் இருப்பது. சொல்லித் தொலை பிலோமினா. யாரிடம் மறைக்கிறாய், பூனையிடமா. வருஷப் பிறப்பன்றைக்கு இவருக்கு மூட்டு வலி, வரிசையில் நிற்க முடியாது, தூண் ஓரத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எனக்கும் சேத்து நீயே எடுத்துட்டு வா என்றார். போனேன். முதலில் இவர் பேரை நினைத்து வலது கையால் ஒன்று எடுத்தேன், இடது கைக்கு மாற்றினேன். அப்புறம் எனக்கு, மறுபடி வலது கையால். இடது கையில் இவருடையது, வலது கையில் என்னுடையது, இன்றைக்கும் நன்றாக ஞாபகமிருக்கிறது, இல்லையென்று சாதிக்க முடியாது. நடந்துகொண்டே வலது கையைத் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் பேசாமல் அமைதியாக இருங்கள். எனக்கு! பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான் எழுந்தாலே, பிலோமினா அக்கா பேசினா சாட்சி, பேசாட்டா அற்புதம் என்று கேலி பண்ணுகிற கூட்டம், அதில் முக்கால்வாசி வாசலில் நின்று உனக்கு என்ன வசனம், உனக்கு என்ன வசனம் என்று ஒருத்தி அட்டையை ஒருத்தி பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வருஷப் பிறப்பு வரை சிரிப்பார்கள். இடது கையைப் பார்த்தேன். நான் உன்னோடு இருக்கிறேன், நீ போகிற இடமெல்லாம் உன்னைக் காத்து இந்த ஊருக்கே திரும்பக் கொண்டுவருவேன் என்கிற மாதிரி வசனம். நல்ல கௌரவமான வசனம். தூணுக்கு இந்தப் பக்கம் வரும்போது கை மாற்றினேன். இரண்டு எட்டு வைக்கிற நேரம், அவ்வளவுதான், அட்டைதானே, நான்தான் அதை நம்புகிறவளே இல்லையே. இவரிடம் என்னுடையதைக் கொடுத்தேன், இவர் வாங்கிப் படித்து ஒரு மாதிரி உதட்டுக்குள் சிரித்தார், எனக்குப் பொருத்தமாத்தான் வந்திருக்கு என்றார், சிரிக்கிறாரே, சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

போகிற இடமெல்லாம் காத்துத் திரும்பக் கொண்டுவருவேன். மதுரைக்குப் போய்த் திரும்புகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும், அது இவருடையது, அது மஞ்சள்பொடி வாசத்தோடு என் அலமாரியில் கிடக்கிறது. சொல்லிவிட்டால் எழுந்து நடப்பார். சொல்லிவிட்டால். ஆனால் சொல்லி, இவர் அதை நம்பிப் போய், பெரியத்தான் மாதிரி மேஜையிலேயே, ஐயோ, அப்போது ஐயர் என்ன சொல்வார், இந்த ஊர் என்றால் பாளையங்கோட்டை இல்லை, பரம ஊர் என்பார், எல்லோரும் ஆமென் என்பார்கள், அட்டையை எடுத்துக் கொடுத்தவள் நானாக இருப்பேன். சொல்லாமல் இருந்தால், மூன்று வாரத்தில் ஒரு நாள் விடியும்போது பக்கத்தில் குளிர்ந்து கிடந்தால், அந்த அட்டையைக் கொடுத்தவளும் நான்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கைதான், செதில் ஒட்டின இந்தக் கைதான். நம்பாதவள் எதற்கு நடுங்க வேண்டும், நம்பாதவள் எதற்கு அதைக் குப்பையில் போடாமல் ஐந்து மாதமாகப் பெட்டிக்கு அடியில் வைத்துத் தினமும் கடுகு எடுக்கும்போது விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த அடுத்த வரி. முந்தாநாள் அடுத்த வரி அடுத்த வரி என்று குதித்தேனே, அதை எதற்குத் தேடிப் போனேன், எனக்கு வேண்டியது அங்கே இருக்கும் என்றுதானே. இல்லாமல் இருந்தால் இன்னும் நாலு பக்கம் புரட்டியிருப்பேன். மைனிக்குத் தம்பியைக் கத்தியிடம் கொடுக்கப் பயம், அவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். எனக்கு இவரைக் கட்டிலில் பறிகொடுக்கப் பயம், நான் அடுத்த வரிக்கு ஓடினேன். புஸ்தகம் பாவம், நடுவில் கிடந்து இழுபடுகிறது. பத்து ஐம்பத்தொன்று. பூனை எப்போது குதித்தது, ஒரு சாளையைக் காணோம்.

எழுந்தேன். முழங்கால் சடக்கென்றது. கை கழுவவில்லை, கழுவினால் மனசு மாறிவிடும். பெட்டியை நகர்த்தி அட்டையை எடுத்தேன், ரோஜாப்பூ மேல் செதில் ஒட்டியது. ஹாலில் மைனி இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு, இந்தப் பாத்திரத்தின்மேல், என் தம்பியின்மேல் ஆயுதம் படாதபடிக்கு ஆண்டவரே என்று உச்சத்தில் இருந்தாள். இவர் முன்னால் போய் நின்றேன். "ஏங்க, உங்க பையில இருக்கிற அட்டை உங்களது இல்ல. அது எனக்கு வந்தது. இதுதான் உங்களது. நான்தான் தூண் பக்கத்துல வச்சி மாத்தினேன்." மைனியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "என்னட்டி சொல்லுத?" இவர் கண்ணைத் திறந்தார். அட்டையை வாங்கவில்லை, பார்க்கவுமில்லை, என் முகத்தைப் பார்த்தார். "தெரியும்" என்றார். என்ன தெரியும். "நீ மாத்தினத நான் பெஞ்சில இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். வாங்கிப் பாத்த பெறகுதான் எதுக்கு மாத்தினன்னு வெளங்கிச்சி. நல்லா சிரிப்பு வந்துச்சி." ஐந்து மாதம். ஐந்து மாதம் நான் கடுகு டப்பாவோடு செத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனுஷன். "அப்ப தன்னோடது இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு அதப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீரு?" மைனி சுதாரித்துக்கொண்டாள். "தம்பி, யார் கை வழியா வந்தாலும் கர்த்தர்தானல கொடுக்காரு, அதுக்கு அர்த்தம் என்னன்னா…" "அக்கா, கொஞ்ச நேரம் பேசாம இரி." இவர் குரலா அது. மைனி வாயை மூடினாள். இவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார், அதே மாதிரி, சவப்பெட்டிப் பக்கத்தில் பார்த்த மாதிரி. "பயமா இருக்கு பிலோ" என்றார். "அண்ணனுக்கு இந்தக் கைதான கையெழுத்துப் போட்டுச்சி. எனக்கு யாரப் போடச் சொல்லுவேன், உன்னயா? பயமா இருக்குன்னு வாத்தியார் வெளிய சொல்ல முடியுமா. வசனம்னா யாரும் எதுத்துக் கேக்க மாட்டாங்கல்லா."

அப்போது போன் அடித்தது. பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கிறது, அவசரக்காரி. டீப்பாயில் கிடந்து அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. இந்த வீட்டில் போனை எடுப்பவள் நான், பேசுபவள் நான், முப்பது வருஷமாக பால்காரனிலிருந்து பேராயர் வரை இவருக்காகப் பதில் சொன்னவள் நான். இவர் என்னைப் பார்த்தார், மைனி என்னைப் பார்த்தாள். நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது, வருகிறோம் என்ற ஒரு சொல், இவருக்கு நாலு சொல், மைனிக்குப் பத்து. சொல்லியிருப்பேன். நான் சொன்னால் இவர் வருவார், ஆடு மாதிரி பின்னால் வருவார், பெரியத்தான் போன மாதிரி, யாரோ சொல்லி, யாரோ கையெழுத்துப் போட்டு. மூன்றாவது மணி. பல்லைக் கடித்தேன். கையில் செதில் காய்ந்து தோலை இழுத்தது. நாலாவது. எடுக்காமல் விட்டுவிடுவாரோ, ஆண்டவரே, மாதாவே, யார் கேட்டாலும் சரி, ஐந்தாவது மணியும் போய்விட்டதே, வாயைத் திறந்துவிடுவேன், இதோ திறந்துவிடுவேன். இவர் குனிந்தார். வலது கையை நீட்டினார், போன் ஒரு தடவை நழுவியது, மறுபடி பிடித்துக் காதில் வைத்தார்.

"ஆமா, தேவநேசன்தான் பேசுறேன்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிம்மா. திங்கக்கெழம வெறும் வயித்தோடயா வரணும்?"